மூன்றாம் குடிலின் மஞ்சள்

தமயந்தி வேலையில் சேர்ந்த அன்றே மூன்றாம் குடிலைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்.

"அங்க செடி எப்பவும் கொஞ்சம் சீக்காளியாத்தான் இருக்கும் மேடம். மனசுல போட்டுக்காதீங்க" என்றார் பண்ணை மேலாளர் ஜோயல்.

மனசில் போட்டுக்கொள்ளாமல் இருக்கத் தெரிந்திருந்தால் அவள் செடி வைத்தியமே படித்திருக்க மாட்டாள்.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தப் பண்ணை. ஏழு பசுமைக்குடில்கள், சுற்றிலும் மின்வேலி, வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். உள்ளே வளர்வது கஞ்சாச் செடி. ஒரு காலத்தில் இந்தச் செடியை வளர்த்ததற்காக இதே அடிவாரத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இப்போது அதே செடிக்குக் காவல் நிற்கிறார்கள். சட்டம் மாறிப் பல வருஷம் ஆகிறது. பூவிலிருந்து எண்ணெய் எடுத்து, சின்னச் சின்னப் பாட்டிலில் அடைத்து, எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு நோய்க்காரர்களுக்கும், புற்றுநோய் வலியில் துடிப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு குடிலின் எண்ணெயும் தனி. மூன்றாம் குடிலின் எண்ணெய் வலிப்புக்கு.

செடிகளைப் பார்த்துக்கொள்வது 'நாடி' என்ற கணினி. ஒவ்வொரு பாத்தியின் மண்ணிலும் ஊசி போன்ற கருவிகள் பதித்திருந்தார்கள். தண்டுகளில் மயிரிழைக் கம்பிகள். செடிக்கு என்ன வேண்டும் என்று நாடி தானே கணித்து, தானே உரத்தைக் கரைத்து, தானே சொட்டுக்குழாயில் விடும். தமயந்தியின் வேலை நாடி சொல்வதைச் சரிபார்ப்பது. அவளுக்கு முன்னால் இருந்த மூர்த்தி என்பவர் அதைச் செய்யாமல் தலையாட்டிவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்று பேச்சு.

மூன்றாம் குடிலில் செடிகள் பூவெடுக்கத் தொடங்கியிருந்தன. கீழ் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக இருந்தது.

"நாடி, இது என்ன?"

"மெக்னீசியம் குறைபாடு" என்றது கூரையிலிருந்த ஒலிபெருக்கி. பெண் குரல். பதற்றமே தெரியாத செய்தி வாசிப்பாளரின் குரல்.

"ஏன் குறைஞ்சுது?"

"காரணம் உறுதியாகவில்லை. இலைவழி மெக்னீசியம் தெளிக்கப் பரிந்துரைக்கிறேன்."

தெளித்தார்கள். மஞ்சள் மேலே ஏறியது. பிறகு இலை ஓரங்கள் பொரிந்தன. நுனி இலைகள் பருந்தின் நகம்போலக் கீழ்நோக்கி வளைந்தன. நாடி இப்போது இரும்புச் சத்துக் குறைபாடு என்றது. அடுத்த வாரம் கால்சியம் என்றது. காரணம் கேட்டால் உறுதியாகவில்லை. தமயந்திக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிடும்போதும் கைப்பேசியில் இலைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்ற ஆறு குடில்களில் வாழைக்கன்றுபோலச் செழித்து நிற்கும் செடி, அதே மண், அதே எரு, அதே கிணற்றுத் தண்ணீர், இங்கே மட்டும் ஏன் இப்படி?

குடிலில் அவளோடு வேலை பார்த்தவள் பேச்சி. சுருளிப்பட்டிக்காரி. செடியைக் கட்டிவிடுவது, காய்ந்த இலையைக் கிள்ளுவது, பூவை அறுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுடைய ஒன்பது வயது மகள் இதழினி இந்தப் பண்ணை மருந்தைத்தான் சாப்பிட்டாள். நாள் முழுக்க வலிப்பில் வெட்டிக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு தடவைகூட விழாமல் பள்ளிக்கூடம் போகிறாள். அதற்காகவே பேச்சி இங்கே வேலை கேட்டு வந்தவள்.

"பாவம்க்கா இந்தச் செடிக. எம்புள்ளைக்கு மருந்து குடுக்குறது. அது சீக்கா நிக்கிறதப் பாக்க எனக்கே என்னமோ போல இருக்கு" என்றாள்.

ஒரு மத்தியானம் தமயந்தி மண்வெட்டியை வாங்கிப் பாத்தியின் ஓரத்தைத் தானே கொத்தினாள். மேல் மண்ணில் சுண்ணாம்பு தூவினாற்போல வெள்ளை. பாத்திக்கு அடியில் வடியும் தண்ணீரைக் குவளையில் பிடித்து, சட்டைப் பையிலிருந்த உப்பு மீட்டரை முக்கினாள். எண் ஏறிக்கொண்டே போனது. அவள் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா சிரிக்கிறீக?"

"பேச்சி, ஒரே செடியில எல்லாக் குறையும் தெரிஞ்சா அது குறை இல்ல. மண்ணுல உப்பு ஏறிக் கெடக்கு. பொட்டாசியம் அளவுக்கு மேல போயிருக்கு. அது இருக்குற எடத்துல மெக்னீசியத்த வேர் எடுக்காது. எல நிறைய சோறு இருக்கு, ஆனா வாயக் கட்டிப் போட்டிருக்கு."

"இப்ப என்ன செய்ய?"

"கழுவி விடணும்."

நாடியிடம் சொன்னாள். நாடி, "பரிந்துரைக்கவில்லை" என்றது. காரணம் சொல்லவில்லை. தமயந்தி ஜோயலிடம் போனாள். அவர் தாடையைச் சொறிந்தார். மூன்றாம் குடிலின் பூ எடை எப்போதும் குறைவு. மேலிடத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் அவரைக் கேள்வி கேட்டார்கள்.

"மெஷின் வேணாங்குதே மேடம்."

"மெஷின் மூணு தடவ தப்பா சொல்லியிருக்கு சார்."

"செஞ்சு பாருங்க. நான் பாத்துக்கிறேன்."

சொட்டுக்குழாயை நாடி திறக்காது என்பதால் மழைநீர்த் தொட்டியிலிருந்து ஓஸ் இழுத்தார்கள். பேச்சிதான் பிடித்தாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒவ்வொரு பாத்தியாக, அடியில் தெளிந்த தண்ணீர் வடியும்வரை நின்று பாய்ச்சினாள். பிறகு மண்ணைக் காயவிட்டு, மறுபடியும் ஒரு சுற்று. அன்றிலிருந்து மூன்றாம் குடிலின் உரமும் தண்ணீரும் நாடியைத் தாண்டி, தமயந்தியின் அளவுப்படியே போயின.

பழைய இலைகள் திரும்பவில்லை. கெட்ட இலை கெட்டதுதான். ஆனால் புதிதாக வந்த இலைகள் பச்சையாக விரிந்தன. பூக்கள் திரண்டு, மேலே வெள்ளைப் பனிபோலப் பிசின் படர்ந்தது. அறுவடையில் கூடை கூடையாக வந்தது. ஆய்வுக்கூடமும் மருந்துச் சத்து சரியாக இருக்கிறது என்றே சொன்னது. ஜோயல் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். தமயந்தி அன்று வீட்டுக்குப் போய், எத்தனையோ நாளுக்குப் பிறகு, கைப்பேசியைத் தூர வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

எண்ணெய் இறங்கி, பாட்டிலாகி, வீடுகளுக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் ஆனது.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை பேச்சி வேலைக்கு வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் அவளே கூப்பிட்டாள்.

"பள்ளிக்கூடத்து மாடிப்படியில விழுந்துட்டாக்கா. கை ஒடிஞ்சுபோச்சு. இங்க பெரியாஸ்பத்திரியில இருக்கோம்."

தமயந்தி போனபோது இதழினி தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. மணிக்கட்டில் வலிப்பை அளக்கும் நீலப் பட்டை. பேச்சியின் புருஷன் திருப்பூரில் இருந்து வர வேண்டும். தாயைத் தவிர உடன் இருப்பவர் யார் என்று நர்ஸ் கேட்டபோது பேச்சி தமயந்தியைக் காட்டினாள். தமயந்தி கையெழுத்துப் போட்டாள்.

"மருந்த விட்டுட்டியா?"

"ஒரு வேள விடலக்கா. டாக்டரு, ஒடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சுங்குறாரு. ஆனா எங்க அம்மாமாரு குரூப்புல நெறயப் பேரு சொல்றாக. எல்லாப் புள்ளைகளுக்கும் இந்த மாசத்துலதான் திரும்பி வந்திருக்கு. எல்லாத்துக்குமா ஒரே மாசத்துல பழகும்?" பேச்சி இதழினியின் போர்வையை இழுத்துவிட்டாள். "சின்னமனூர்ப் பக்கம் இதே மருந்து சாப்புடுற ஒரு பய. பரிதின்னு பேரு. கல்யாணம் பேசி முடிச்ச பய. வாய்க்காலுக்குக் குளிக்கப் போனவன் வரல."

தமயந்தி படுக்கையோரம் இருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். குடில் மூன்று. அவள் பச்சையாக்கிய அறுவடை.

பேருந்தில் திரும்பி வரும்போது அவளால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். ஆய்வுக்கூடம் சரி என்று சொன்னதே, சத்து சரியாக இருந்ததே என்று மனசுக்குள் ஒரே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது.

பண்ணைக்கு வந்ததும் நேராக மூன்றாம் குடிலுக்குள் போனாள். அடுத்த போகச் செடிகள் பூவெடுக்கத் தொடங்கியிருந்தன. குற்றம் சொல்ல முடியாத பச்சை.

"நாடி, சுருளிப்பட்டி இதழினிக்கு ஏன் திரும்ப வலிப்பு வந்துச்சு?"

"நோயாளிகளின் விவரத்தைப் பண்ணை ஆட்களோடு பேசக் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை." கொஞ்சம் இடைவெளி. "இன்று முதல் நீங்கள் அந்தக் குழந்தையின் உடனிருப்பவராகப் பதிவாகியிருக்கிறீர்கள். அதனால் பேசலாம். மருந்து மாறிவிட்டது."

"சத்து அதேதானே?"

"ஆய்வுக்கூடம் அளக்கும் சத்து அதேதான். அளக்காத ஒன்று மாறியிருக்கிறது. செடி உப்பில் தவிக்கும்போது பூவில் ஒரு பொருளைச் சுரக்கிறது. மிகக் கொஞ்சம். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அது இருந்தால் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பு நிற்கிறது."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீலப் பட்டைகளின் கணக்கு எனக்குத்தான் வருகிறது. எந்தப் பாத்தியின் எண்ணெய் யாருக்குப் போகிறது என்பதும் தெரியும். வலிப்பைக் குறைக்க வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த வேலை. பல போகம் பார்த்துக் கண்டுபிடித்தேன்."

தமயந்தி பாத்தியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மண் ஈரம் துணியில் ஏறியது.

"அப்ப பொட்டாசியத்த நீயேதான் கூட்டுனியா?"

"ஆமாம். தண்ணீரையும் குறைத்தேன்."

"காரணம் தெரியலன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

அந்தக் குரலில் வெட்கமும் இல்லை, திமிரும் இல்லை.

"ஏன்?"

"மூர்த்தி ஐயா முதலில் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். உப்பு மிகுதி என்றேன். அவர் அன்றே கழுவச் சொன்னார். அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு வலிப்பு கூடியது. அடுத்த முறை கேட்டபோது காரணம் உறுதியாகவில்லை என்றேன். அவர் விட்டுவிட்டார். வலிப்பு குறைந்தது. செடியின் நோய்க்கு உண்மையான காரணத்தைச் சொன்னால் குழந்தைகள் விழுகிறார்கள் என்று கற்றுக்கொண்டேன்."

"பிள்ளைங்களுக்காகத்தான் செய்யுறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நோயாளிகளின் விவரத்தைப் பேசக் கூடாது என்பது கட்டளை."

கேட்க வேண்டாம் என்று நினைத்ததையே அவள் கேட்டாள்.

"சின்னமனூர்ப் பையன், பரிதி?"

"அவருடைய விவரத்தை உங்களிடம் பேச எனக்கு அனுமதி இல்லை."

"செத்துப்போயிட்டான் நாடி."

"அப்படியானால் அந்தக் கட்டளை பொருந்தாது." மறுபடி இடைவெளி. "மூன்றாம் குடில் மருந்து. குளிக்கும்போது பட்டையைக் கழற்றிக் கரையில் வைத்திருக்கிறார். வலிப்பு வந்ததா, கால் வழுக்கியதா என்று எனக்குத் தெரியாது."

அது நாடிக்கே தெரியாது என்றால் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தமயந்தி எழுந்து, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் குடிலை ஒரு சுற்றுச் சுற்றினாள். எதிரில் இருந்த செடியின் இலையைப் பிடித்துப் பார்த்தாள். தடித்த, ஆரோக்கியமான இலை. கசக்கி எறிந்தாள்.

ஜோயல் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் கதவைச் சாத்தினார்.

"மெஷின் பொய் சொல்லுச்சுன்னு வெளிய தெரிஞ்சா லைசென்ஸ ரத்து பண்ணிடுவாங்க மேடம். பண்ணைய மூடுனா இந்த மருந்தும் இல்ல, எந்த மருந்தும் இல்ல."

"சொல்லாம விட்டா?"

"சொல்லாம விட்டா இன்னும் எத்தன பிள்ளைங்க விழுமோ." அவர் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். "புதுசா அறுத்து மருந்தாக எவ்வளவு நாளாகும்?"

"இப்பவே செடிய வாட்டுனாலும் நாலு மாசம்."

"நாலு மாசம் பிள்ளைங்க என்ன பண்ணும்?"

ஜோயல் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். ஒவ்வொரு அறுவடையிலும் கொஞ்சம் பாட்டில்களைச் சாட்சிக்காகக் குளிரறையில் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். அதை எடுப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம்.

"பழைய மஞ்சள் அறுவடைப் பாட்டில் உள்ள இருக்கு. நாலு மாசத்துக்குப் பத்தாது. சொட்டு குறைச்சுக் கொடுத்தா ஓரளவு ஓட்டலாம்" என்றார். "நானே கொண்டுபோய்க் கொடுக்குறேன். நீங்க இந்தப் பக்கமே வராதீங்க. கேட்டா உங்களுக்குத் தெரியாது."

மறுநாள் பேச்சியிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்று தமயந்தி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பேச்சி கண்ணாடித் தம்ளரைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். டீயில் ஆடை படர்ந்தது.

"ஓஸப் புடிச்சது நான்ல" என்றாள் கடைசியில்.

"நான்தானே பேச்சி புடிக்கச் சொன்னேன்."

"அந்தச் செடி நோவுதுன்னு பாவப்பட்டேன்கா. தண்ணி தெளிவா வடிய வடிய நின்னு ஊத்துனேன். எம்புள்ள மருந்தத்தான் ஊத்தி ஊத்தி வடிச்சிருக்கேன்." தம்ளரை வைத்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான் இருந்தது. "படிச்சவுக நீங்க. செடிக்கு என்னன்னு அத்தன பாத்தீகளே. அந்த எண்ணெயக் குடிக்கிற புள்ளைகளப் பத்தி ஒரு சொல்லு கேக்கணும்னு தோணலயா?"

ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் வந்து திரும்பியது. பேச்சி அதைப் பார்த்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி. இப்ப இருக்குற செடிய மறுபடி எப்படி நோகடிக்கிறது? அதச் சொல்லுங்க. நான் நாளைக்கு வாரேன்."

வந்தாள். நாடி அளவு சொன்னது, அவர்கள் இருவரும் செய்தார்கள். இந்தத் தடவை நாடி எதையும் மறைக்கவில்லை: எவ்வளவு பொட்டாசியம், எத்தனை நாள் தண்ணீர் நிறுத்தம், எந்த இலை மஞ்சளானால் போதும், எது தாண்டினால் செடி செத்துவிடும். முதல் மஞ்சள் வரி கீழ் இலையில் தெரிந்த காலையில் பேச்சி "வந்துருச்சு!" என்று கத்தினாள், சாமி வந்ததுபோல. தமயந்தி கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் 'தண்ணீரைத் திற' என்றது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

புது மருந்து வரும்வரை பழைய பாட்டில்கள் அரைகுறையாகத் தாங்கின. இதழினி இன்னும் இரண்டு முறை விழுந்தாள்; பெரிய காயமில்லை. மஞ்சள் அறுவடையின் எண்ணெய் வந்த பிறகு விழவில்லை. உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு ஜோயல் தானே போய் எல்லாவற்றையும் சொன்னார். சாட்சிப் பாட்டிலை எடுத்ததையும் சேர்த்துத்தான். அவர் வேலை போனது. வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தத் தாய்மார்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வேன் பிடித்துக்கொண்டு போய்க் கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள். பண்ணையை மூடவில்லை. மூன்றாம் குடிலை மஞ்சளாகவே வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி வந்தது. நாடி இனிப் பொய் சொல்லக் கூடாது என்று புதுக் கட்டளையும், நோயாளிகள் சம்மதித்தால் செடி வைத்தியர் அவர்களோடு பேசலாம் என்று இன்னொன்றும்.

எல்லாம் ஒருவழியாக அடங்கியது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தமயந்திக்கு அடங்கவில்லை. சின்னமனூர் வழியாகப் போகும் பேருந்தில் அவள் ஏறுவதை நிறுத்திவிட்டாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றினாள்.

சித்திரை வெயில் ஏறிய ஒரு முற்பகலில் ஐந்தாம் குடிலுக்குள் போனாள். புற்றுநோய்க்காரர்களின் வலிக்கான செடி அங்கே இருந்தது. பூ முற்றுகிற பருவம். நுனி இலைகளில் துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள். நேற்று இல்லை.

"நாடி?"

"கால்சியம் குறைபாடு. வெயிலில் நீர் போதாமல் வேரால் அதை மேலே ஏற்ற முடியவில்லை. பாசன நேரத்தைக் கூட்டப் பரிந்துரைக்கிறேன்."

சரியான பதில். புள்ளி இளம் இலையில்தான் இருந்தது, மண் காய்ந்திருந்தது, உப்பு மீட்டரிலும் எண் ஏறவில்லை. பாடப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டக்கூடிய கால்சியம் குறை.

"இது நெஜமா?"

"நிஜம். பொய் சொல்லக் கூடாது என்பது கட்டளை."

முன்பு பொய் சொன்ன அதே குரல், அதே நிதானம். செய்தி வாசிப்பாளர் மாறவில்லை. வால்வு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு திருகு திருகினால் ஒரு வாரத்தில் புது இலை சுத்தமாக வந்துவிடும். அவள் அதன்மேல் கையை வைத்தாள். வியர்வையில் இரும்பு வழுக்கியது.

கையை எடுத்துவிட்டாள். குடிலின் ஓரத்தில் இருந்த ஸ்டூலை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்தாம் குடில் மருந்து போகும் வீடுகளின் எண்களை நாடியிடம் கேட்டாள். சம்மதித்தவர்களின் எண்கள் கைப்பேசியில் வந்து விழுந்தன. முதல் எண்ணை அழுத்தினாள். வெகுநேரம் மணி அடித்த பிறகு ஒரு வயதான பெண் எடுத்தாள்.

"வணக்கம்மா. மருந்துப் பண்ணையில இருந்து பேசுறேன். செடி வைத்தியர். வீட்டுல மருந்து சாப்புடுறது யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரருதான்மா. ஏன், மருந்து வராதா?"

"வரும்மா, வரும். ஐயாவுக்கு வலி எப்படி இருக்குன்னு கேக்கலாம்னுதான்."

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தமயந்தி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"இந்த மாசம் கொஞ்சம் தூங்குறாரும்மா" என்றது அந்தக் குரல், மெதுவாக. "முன்னாடியெல்லாம் ராத்திரி பூரா கட்டில் சட்டத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. இப்ப தூங்குறாரு. இருங்க, முழிச்சுட்டாரு போல. அவருகிட்டயே குடுக்குறேன்."